குளோரியின் பழைய பேப்பர்

வடசேரிச் சந்தையில் கருவாடு விற்கும் குளோரி, பழைய பேப்பர்க் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, முழங்காலில் வைத்து நீவி, தலைப்புச் செய்தியை உரக்கப் படித்த பிறகுதான் கருவாட்டை அதில் கொட்டுவாள். வாங்க வந்தவர் அவசரப்பட்டால், "பஸ்சு இந்த வடசேரியில இருந்துதான கெளம்பும்? நிக்கட்டு" என்பாள்.

ஒருநாள் வந்த தாள், "நிலாவில் தண்ணீர் கண்டுபிடிப்பு". நெத்திலிக்கு நின்ற வயல்காரர் தாணு, "பொறவு என்னாச்சி?" என்றார். எல்லாரும் கேட்பதுதான். கேட்டால்தான் பொதி கைக்கு வரும்.

"என்னாவும்? நாஞ்சிநாட்டுக்காரன் நாலுபேரு மம்பட்டியோட அங்க போனான். எனக்க வயலுக்குத்தான் மொத மடைன்னு ஒரே சண்டை. ஒருத்தன் தொறப்பான், மத்தவன் போயி அடைப்பான். நிலா தேயுகதும் வளருகதும் பின்ன எதுக்குன்னு நெனச்சீரு?"

தாணு கண்ணில் நீர் வரச் சிரித்தார். மடைத் தகராறில் அவருக்கே பன்னிரண்டு வருடமாகக் கேசு நடக்கிறது.

"ஆரல்வாய்மொழியில் சூறைக்காற்று, கூரைகள் பறந்தன" என்று இன்னொரு தாள். பறந்த கூரைகளில் ஒன்று, எட்டு வருடமாகப் பேசாமலிருந்த சம்பந்தி வீட்டின் மேல் போய் விழுந்ததாம். "இப்பம் ரெண்டு வீடும் ஒரே கூரைக்குக் கீழ. எடுத்துட்டுப் போன்னு சொல்லணும்னா வாயத் தொறந்து பேசணும்லா? அதான் ரெண்டு பேரும் அப்பிடியே இருக்காவ."

அவள் மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் ஒடிந்து, வாழைநார் கொண்டு கட்டியிருக்கும். கவிழ்த்த மீன்பெட்டிதான் ஆசனம். விளம்பரத் தாள் ஆகாது. தலைப்பு வெளியே தெரியும்படி மடித்து, நாரால் ஒரே சுற்று, ஒரே முடிச்சு. வீட்டில் இருப்பவர்களும் படிக்கட்டும் என்பாள்.

அவள் அம்மா செறுபுஷ்பத்தையே எனக்குத் தெரியும். குளச்சலிலிருந்து பெட்டி சுமந்து வந்து, இதே இடத்தில் விற்றவள். அவளுக்கு இரண்டு பெண்கள். மூத்தவளின் மகள் பிரீனாவை, கேரளக் கடற்கரையில் இருக்கும் விழிஞ்ஞத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. இளையவள்தான் குளோரி. இவளுக்கு ஒரே மகன் அபினேஷ். விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவன்.

"அன்றன்றைய பேப்பரைப் படிக்க மாட்டியா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதுல பயமுறுத்தி வச்சிருப்பான் அண்ணாச்சி. பழசுல அந்தப் பயமெல்லாம் தீந்துருக்கும். சிரிக்கலாம்."

போன மாதம் ஒரு காலையில் போனபோது, அபினேஷ் போன படகு கரைக்கு வரவேண்டிய நாள் தாண்டி நான்கு நாள் ஆகியிருந்தது. சந்தை முழுவதற்கும் தெரியும். யாரும் அவளிடம் கேட்கவில்லை. பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கு விற்கும் ஷிபா, அன்றைய பேப்பரைச் சாக்குக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துவிட்டேன். "குளச்சல் படகைக் காணவில்லை" என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"ஏட்டி, என்னத்த ஒளிக்கிய?"

"ஒண்ணுமில்லக்கா. கெழங்கு பொதியதுக்கு."

"கெழங்க நீ என்னைக்கிட்டி பேப்பர்ல பொதிஞ்ச? கொண்டா இஞ்ச."

ஷிபா கொடுத்தாள். குளோரி விரித்துப் பார்க்கவில்லை. இரண்டாய் மடித்து, தன் கட்டுக்கு அடியில், எல்லாத் தாளுக்கும் கீழே செருகினாள். மேலே எடைக்கல்லைத் தூக்கி வைத்தாள். "பழசாவட்டு" என்றாள்.

அன்று பார்த்து வியாபாரம் மும்முரமாக நடந்தது. ஒவ்வொரு தாளாக உருவ உருவக் கட்டு மெலிந்தது. கதைகள் மட்டும் நீண்டன. வெங்காய விலை ஏறிய செய்திக்கு, கழுத்தில் வெங்காய மாலையோடு ஒரு கல்யாணப் பெண்ணை மேடையேற்றி, மாப்பிள்ளைக்குக் கண்ணீர் வரவைத்து, "அழுதுக்கிட்டே தாலி கட்டினான். அப்பிடி ஒரு பாசம்னு ஊரு நெனச்சிட்டு" என்று முடிப்பதற்குள் ஒரு பஸ் போய்விட்டது. வாங்க வந்தவர்களும் பொறுமையாக நின்றார்கள். சில்லறையாக வாங்கியவர்களுக்கு ஷிபா, தாள் தீர்ந்துவிடக் கூடாதென்று, தன்னிடமிருந்த பையில் போட்டுக் கொடுத்தாள்.

பதினொரு மணிக்குக் கட்டில் இரண்டே தாள்தான். மேலே ஒன்று, கீழே ஒன்று. நான் கால் கிலோ சாளைக் கருவாடு கேட்டிருந்தேன். "வேண்டாம் குளோரி, நாளைக்கு வாறேன்" என்றேன். "நில்லும் அண்ணாச்சி" என்று கையை நீட்டினாள்.

அப்போது போன் அடித்தது. குளோரி எடுக்கவில்லை. ஷிபாதான் எடுத்து அவள் காதில் வைத்தாள். பிரீனாவின் குரல் எனக்கே கேட்டது.

"சித்தி! மிஷினு கேடாயி, வேற படகு கட்டி இஞ்ச விழிஞ்ஞத்துக்கு இழுத்துட்டு வந்துருக்கு. எல்லாவனும் சொகம். அபினேஷு இஞ்ச எனக்க வீட்டுல இருந்து சோறு திங்கியான்."

"குளிச்சானா?" என்று மட்டும் கேட்டாள் குளோரி.

ஷிபா அழுதுவிட்டாள். குளோரி அவளைப் பார்த்து, "கெழங்க நனைக்காதட்டி, எடை கூடும்" என்றாள். பிறகு மேல் தாளை ஒதுக்கிவிட்டு, அடித்தாளை உருவினாள். முழங்காலில் வைத்து நீவினாள். படிக்கவில்லை.

"பொறவு என்னாச்சி?" என்று நான்தான் கேட்டேன்.

"என்னாவும்? ரெண்டாமதும் சோறு கேட்டிருப்பான்."

சாளைக் கருவாட்டைக் கொட்டி, கொட்டை எழுத்து உள்ளே போகும்படி, மீன்களின் பக்கம் திருப்பி மடித்தாள். நாரை ஒன்றுக்கு மூன்று சுற்றாகச் சுற்றி, பல்லால் கடித்து இறுக்கினாள்.