வெர்லீன் வீட்டு எலும்புக்கூடுகள்

அக்டோபர் பிறந்தால் நியூ ஆர்லியன்ஸுக்குப் பேய் வேஷக் கிறுக்குப் பிடித்துவிடும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்கப் போர்வை மடிக்கிற வெர்லீன் ரோபிஷோவுக்கு இதற்கெல்லாம் உடம்பில் ஏது தெம்பு? ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை நோய் வேறு. ஆனாலும் வருஷா வருஷம் வீட்டு முன்தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகளை வரிசையாக உட்கார வைத்து, தொப்பி மாட்டி, கையில் ட்ரம்பெட்டும் கொடுத்துவிடுவாள். அந்த மாதத்தில் தானும் வேஷம் கட்டாமல் வாசலில் உட்கார மாட்டாள். அலுப்பு என்று சொன்னால் அந்தத் தெரு கேட்குமா?

மாதக் கடைசியில், ஊரே வேஷம் கட்டித் திரியும் ஹாலோவீன் அன்று மதியம் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவள், வேலை மும்முரத்தில் சாப்பிட மறந்துவிட்டாள். சாயங்காலம் வீட்டுப் படி ஏறும்போதே கால் துவண்டது. சாவியைத் தேட முடியாமல், வேலைச் சீருடையோடேயே எலும்புக்கூடுகளுக்கு நடுவே இருந்த நாற்காலியில் சரிந்தாள். உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியது. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது, உடனே வாயில் இனிப்பு போகாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று அவளுக்குத் தெரியும்.

வேஷக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள்.

"இனிப்பு... ஏதாவது இனிப்பு குடுங்க" என்று முனகினாள்.

ஊரே வீடு வீடாக மிட்டாய் கேட்கிற நாளில் வீடே மிட்டாய் கேட்கிறதே என்று சிரித்தார்கள். வேலை பார்த்தே செத்துப்போனவள் வேஷம் பிரமாதம் என்று ஒரு மீன் வேஷக்காரன் மெச்சினான். யாரோ மடியில் எறிந்த மிட்டாயைப் பிரிக்க அவள் விரல்கள் வளையவில்லை. இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்கச் சாகப்போகிறோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

எதிர்வீட்டுக்காரி க்ளோடில், வருஷா வருஷம் அலங்காரத்தில் வெர்லீனுடன் மல்லுக்கு நிற்பவள். இந்த முறை என்ன புதுசு என்று வேவு பார்க்கக் காக்கை வேஷத்தில் வந்தாள். வெர்லீன் உடம்பில் நிஜமான ஆஸ்பத்திரிச் சீருடையைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. ஓடிப்போய் ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்து வாயில் புகட்டினாள். கூட்டம் கைதட்டியது.

"அடியே, வேஷம் கட்டாம நீ வெளிய உக்கார்ற ஆளா? பாத்ததுமே என் ஈரக்குலையே நடுங்கிடுச்சுடி" என்றாள் க்ளோடில்.

பாதி ஜூஸ் உள்ளே போனதும் வெர்லீனுக்குக் கண் தெளிந்தது. கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அவள் கை தானாக உயர்ந்து, கூட்டத்தைப் பார்த்து ஆடியது.

க்ளோடில் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். "போதும்டி, விடு."

"முடியலடி, அலுப்பா இருக்கு," என்றாள் வெர்லீன். அழுகையாக வந்தது. கூட்டம் அதற்கும் கைதட்டியது.