இரண்டாம் பாகம் வராத மந்திரப் புத்தகம்

மந்திரப் புத்தகத்தைத் தனக்காக வாங்குவதாகச் சொல்லி வாங்கிய ஒரு மனிதரைக்கூட நான் என் கடையில் பார்த்ததில்லை.

கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காலம் தள்ளியவர்கள் உங்களில் இருந்தால், என் கஷ்டம் பாதி சொல்லும்போதே புரிந்துவிடும். எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு எதிர்த்தெருவில் ஒரு சின்னப் புத்தகக் கடை வைத்தேன். சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்த நேரம். பள்ளிக்கூட நோட்ஸ், பாட்டுப் புத்தகம், வாரப் பத்திரிகை எல்லாம் முன்னால் கயிற்றில் தொங்கும். உள்ளே, பஞ்சாங்கக் கட்டுக்குப் பின்னால், வசியம், பில்லி, சூனியம், தகடு எழுதும் முறை எல்லாம் இருக்கும். கடையை நடத்தியது பின்னால் இருந்ததுதான்.

சிநேகிதனுக்காக

இந்த வியாபாரத்துக்கு ஒரே ஒரு தர்மம் உண்டு. யார் எதை வாங்கினார் என்று வாயைத் திறக்கக் கூடாது. பழைய நியூஸ் பேப்பரில் இரண்டு சுற்று சுற்றி, சணல் போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டு அந்த முகத்தை மறந்துவிட வேண்டும். தெருவில் பார்த்தால் வணக்கம்கூட வைக்கக் கூடாது. வைத்தால் அடுத்த தடவை அவர் திருவள்ளூர் போய் வாங்குவார்.

இரும்புத் தொழிற்சாலை சூப்பர்வைசர் ஒருவர், சட்டைப் பையில் இரண்டு பேனா, அரைமணி நேரம் நோட்ஸைப் புரட்டிவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தினார். மாமியார் வாயைக் கட்டுவதற்கு ஒரு புத்தகம் வேண்டுமாம். அவருக்கில்லை, சிநேகிதனுக்கு. எடுத்துக் கொடுத்தேன். சுற்றியது போதாது என்று இன்னொரு தாள் கேட்டு வாங்கினார்.

"அட்ட தெரியாம நல்லா சுத்து நைனா. அந்த சிநேகிதன் பொண்டாட்டி எங்க ஊட்லதான் கீறா."

எது நல்ல புத்தகம்

நல்ல மந்திரப் புத்தகத்தை நான் தேர்ந்தெடுத்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதீர்கள். தையல் கெட்டியாக இருக்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஜனங்கள் அதை விளக்கு வெளிச்சத்தில் ஒளிந்துகொண்டு படிப்பார்கள். அட்டையில் சிவப்புக் கண் இருந்தால் விசேஷம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஊரில் எனக்குப் படித்தவன் என்று பெயர், அந்தத் திமிர் வேறு.

மெட்ராஸிலிருந்து மாதம் ஒருமுறை ஏஜெண்ட் ஒருவர் தோல்பையோடு வருவார். அவர் கொண்டுவந்ததில் ஒரு வசியப் புத்தகம் எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. பச்சைக் காலிகோத் துணி அட்டை, தங்க எழுத்து. முதல் பாகம் கட்டு, இரண்டாம் பாகம் முறிவு. அதாவது செய்வது ஒன்றில், செய்ததை எடுப்பது இன்னொன்றில். இரண்டாம் பாகம் அச்சில் இருக்கிறது, அடுத்த மாதம் வந்துவிடும் என்றார். ஆறு பிரதி எடுத்துக்கொண்டு, முதல் பக்கத்தில் கடை முத்திரையை அழுத்திக் குத்தினேன். நீங்கள் இதையெல்லாம் படித்துப் பார்ப்பீர்களா என்று பேச்சுவாக்கில் அவரைக் கேட்டேன்.

"படிச்சா விக்க மனசு வராது சார். அதனாலதான் படிக்கறதில்ல."

ஆரம்பாக்கத்துப் பெண்

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து ரயிலில் வந்த பெண் ஒருத்தி கடை ஓரமாக நின்றாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். பெயர் சரோஜா என்று பிற்பாடுதான் தெரியும். அபூர்வமாக, சிநேகிதிக்கு என்று அவள் சொல்லவில்லை. யாருக்கு என்றே சொல்லவில்லை. புருஷனைப் பற்றித்தான் சொன்னாள்: தொழிற்சாலைக்குப் போகிறான், வருகிறான், சாப்பிடுகிறான், படுக்கிறான். அடிப்பதில்லை, குடிப்பதில்லை. பேசுவதும் இல்லை. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லையாம்.

நான் நாலைந்து புத்தகத்தை எடுத்துப் போட்டு, நகைக்கடைக்காரன் தோரணையில், மற்றதெல்லாம் வேண்டாம்மா, இதை எடுத்துக்கொள் என்று பச்சை அட்டையைத் தள்ளினேன். எழுத்துக் கூட்டிப் படிக்க வருமா என்று கேட்டேன். வரும் என்றாள். புத்தகத்தை வாங்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, படி இறங்கியவள் திரும்பினாள்.

"இதுல போட்டிருக்கற மாதிரியே செஞ்சா, அந்த மனுசன் வாயத் தொறப்பாராண்ணே?"

அரிசிப் பானையில் கிடைத்தது

பத்து நாள் கழித்து, காலை எட்டு மணி இருக்கும். கடை வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டிக்குள் ஒருவனைக் கயிற்றால் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். முகம் சிவந்து, உதடு வறண்டு, கண்மணி முழுதும் கறுப்பாக விரிந்திருந்தது. கட்டின கையாலேயே காற்றில் எதையோ பொறுக்கிப் பொறுக்கி எடுத்தான். பக்கத்தில் சரோஜா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் போய்விட்டது.

வண்டியை ஓட்டி வந்தவர் அவன் அண்ணன் ஏழுமலை. ஆரம்பாக்கத்தில் நெல் பயிர் வைக்கிறவர், ஆறடி ஆள். தம்பி முனுசாமிக்கு நேற்று ராத்திரி சாப்பிட்டு எழுந்ததிலிருந்து இப்படியாம். பெற்ற தாயைத் தெரியவில்லை, சுவரோடு பேசுகிறான். யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள், மேற்கே ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு மந்திரவாதியிடம் கொண்டு போகிறோம் என்றார். போகிற வழியில் என்னிடம் ஒரு விசாரணை. பச்சை அட்டைப் புத்தகத்தைத் தூக்கிக் கல்லா மேல் போட்டார். வீட்டு அரிசிப் பானைக்குள் இருந்ததாம். சூனியம் வைத்தவன் கொண்டுவந்து புதைத்த சாமான் என்பது அவர் முடிவு. அதன் முதல் பக்கத்தில் என் கடை முத்திரை.

நான் புத்தகத்தை எடுத்தேன். ஒரு பக்கம் முனை மடங்கியிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக என் சரக்கை நானே படித்தேன். பேசாதவனைப் பேசவைக்கும் முறை: ஊமத்தை விதையை அரைத்துச் சோற்றில் கலந்து கொடுக்கவும். வண்டியில் கிடந்தவனுக்குச் சூனியமும் இல்லை, பேயும் இல்லை. விஷம். ஊத்துக்கோட்டை போய்ச் சேர்வதற்குள் வழியிலேயே போய்விடுவான். உண்மையைச் சொன்னால் அந்தப் பெண் அடுத்த நிமிஷம் இருப்பாளா என்பது சந்தேகம். சொல்லாவிட்டால் இவன் இருக்கமாட்டான். ஏழுமலை கல்லாப் பலகை மேல் இரண்டு கையையும் ஊன்றினார்.

"யாருக்கு வித்தே? பேரச் சொல்லு நைனா. அந்தக் கைய ஒடைச்சிட்டுத்தான் எனக்கு மறு வேல."

நான் எழுதிய இரண்டாம் பாகம்

எனக்குப் பொய் சுலபமாக வரும், வியாபாரிதானே. தெலுங்கு பேசின ஒரு வெளியூர் ஆள் வாங்கிப் போனான், முகம் நினைவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. அதற்கு மேல் பேச விடாமல் நானே ஆரம்பித்தேன். "வாங்கினவனைப் பிறகு தேடலாம். இதை எடுக்கிற முறை இரண்டாம் பாகத்தில் இருக்கிறது, எனக்கு மனப்பாடம். மேற்கே கொண்டு போனால் உயிர் தங்காது. சூரியன் உச்சிக்கு வருமுன்னே கிழக்குப் பார்த்த வாசலுக்குள் கொண்டு போக வேண்டும். வெள்ளை உடுத்தின பெண் கையால், இரும்பு முனையால், உடம்பில் ஏற்ற வேண்டும். தாலி கட்டிக்கொண்டவள் பக்கத்தில் இருக்க வேண்டும்." இரண்டாம் பாகத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

"புக்க காட்டு" என்றார். வித்துப்போச்சு என்றேன். அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். கிழக்கு வாசல், வெள்ளை உடுப்பு, இரும்பு முனை என்று ஒவ்வொரு விரலாக மடக்கினார். "அப்புடிப் பாத்தா நம்ம ஆஸ்பத்திரியில்ல வருது?" என்று அவரே கேட்டார். அதை அவரே சொல்லட்டும் என்றுதான் இருந்தேன், புத்தகத்தில் ஆஸ்பத்திரி என்று எப்படிப் போட்டிருப்பார்கள்? வண்டிக்குள் முனுசாமி மூச்சுக்குத் திணறுகிற சத்தம் கேட்டது. ஏழுமலை மாட்டைத் திருப்பினார்.

"ரெண்டாம் பாகத்துல போட்டுக்குதுன்னா சரி. ஆனா தம்பிக்கு ஏதாவுது ஆச்சுன்னா, பாடையக்கூட அப்புறந்தான் கட்டுவேன். மொதல்ல ஒன் கடைக்கி வருவேன்."

ஒரு பங்கு

கடைக்குப் பலகை போட்டுவிட்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓடினேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முனுசாமியின் கண்ணை விரித்துப் பார்த்த உடனே, என்ன சாப்பிட்டார் என்றுதான் கேட்டார். ஏழுமலை, ஊட்டுச் சோறுதாம்மா, வேற இன்னா என்றார். டாக்டரம்மா மறுபடியும் கேட்டார். சரோஜா சுவரோடு சுவராக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். இவன் போய்விட்டால் கொன்றது நான்தான் என்று தோன்றியது.

இந்த முறிவுக்குக் கூடப் பிறந்தவர் வெளியே நிற்க வேண்டும் என்று ஏழுமலையை வாசலுக்கு அனுப்பினேன். மடித்த பக்கத்தை விரித்து டாக்டரம்மாவின் மேஜை மேல் வைத்தேன். சரோஜாவிடம், "தங்கச்சி, உன் பேர் என் வாயிலிருந்து வராது. ஆனா எவ்வளவு, எப்போன்னு இவங்ககிட்ட சொல்லலேன்னா அவர் பிழைக்கமாட்டார்" என்றேன். அவள் கதவைப் பார்த்தாள். கதவுக்கு வெளியே ஏழுமலையின் செருப்புச் சத்தம் போய்ப் போய் வந்தது. டாக்டரம்மா எழுந்து வந்து அவள் தோளைப் பிடித்தார். சரோஜா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்து, எடுத்து, ஒரே மூச்சில் சொன்னாள்.

"நேத்து ராச்சோத்துலம்மா. புக்குல ஒரு பங்குதான் போட்டிருந்திச்சு. இவுரு ரொம்பப் பேசாதவுரு, அதான் ரெண்டு பங்கு போட்டேன்."

கழித்துக் கட்டியது

வயிற்றைக் கழுவினார்கள், ஊசி போட்டார்கள், ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டு நாள் நான் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் முனுசாமி அம்மாவை அடையாளம் கண்டு தண்ணீர் கேட்டான் என்று சேதி வந்தது. அன்றைக்கே உட்கார்ந்து பின்பக்கத்துப் புத்தகம் அத்தனையையும் ஒரு வரி விடாமல் படித்தேன். தகடு எழுதிப் புதை, நூல் கட்டு, முச்சந்தியில் தண்ணீர் தெளி என்பவற்றை வைத்துக்கொண்டேன். யாருக்கும் வயிற்றுவலிகூட வராது, மனசுக்கும் ஒரு ஆறுதல். உள்ளுக்குக் கொடு என்று ஒரு வரி இருந்தாலும் டீக்கடை பாய்லருக்குப் போயிற்று. தையல், தங்க எழுத்து, சிவப்புக் கண் எதையும் பார்க்கவில்லை. அடுத்த மாதம் ஏஜெண்ட் வந்தபோது இதைச் சொல்லி, அந்த இரண்டாம் பாகத்தையும் கொண்டுவராதே என்று கத்தினேன். அவர் பையை மூடிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார். அத எழுத இப்பத்தான் ஆள் தேடிட்டிருக்காங்க."

அவனே வந்தான்

ஒரு ஞாயிற்றுக்கிழமை முனுசாமி கடைக்கு வந்தான். இளைத்திருந்தான். நோட்ஸ் வாங்க நின்ற இரண்டு பேரும் போகிறவரைக்கும் பேசாமல் நின்றான். ஏழுமலை வந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்கமாட்டேன். "அந்தப் பச்ச புக்கு ஒன்னு வோணும்" என்றான். இல்லை, எல்லாவற்றையும் எரித்துவிட்டேன் என்றேன். அவன் போகவில்லை.

"அவளே சொல்லிட்டா" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. எதைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. அண்ணனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம் என்றான். புத்தகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், பயத்தில் அப்படித்தான் வரும். அவனுக்கு வார்த்தை கிடைப்பது கஷ்டமாக இருந்தது, அது நன்றாகவே தெரிந்தது.

"அவளுக்கு எங்கிட்ட இன்னா வோணும்னு அதுல போட்டிருக்கும்ல நைனா? நான் கேட்டா, அழுவுறா."

இப்போதெல்லாம் யாராவது வசியப் புத்தகத்தில் எது நல்லது என்று கேட்டால், வீட்டில் ஒரு தடவை வாய்விட்டுப் பேசிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைக்கிறேன், அதில் பாதிப் பேர் திரும்பி வராததில் என் வியாபாரம்தான் படுத்துவிட்டது.