இறங்க மாட்டேன் என்று சொல்ல ஓர் இடம்

1. சாவியைக் கொடுத்த நாள்

தை மாதம். நன்னிலம் பக்கம் ஒரு குத்தகை வயல். முற்றிய சம்பா, முந்தைய நாள் மழையில் பாதி சாய்ந்து கிடந்தது. அறுவடை மெஷினை ஓரமாக நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினேன்.

எங்கள் தொழிலில் இது வழக்கம். மெஷின் டிரைவர் முதலில் வெறுங்காலோடு வயலுக்குள் நடப்பான். அங்கங்கே குதிகாலை ஊன்றி அழுத்திப் பார்ப்பான். குதிகாலோடு சேறு நின்றால் வண்டியை இறக்கலாம். கணுக்காலை விழுங்கினால் கூடாது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். எங்களுக்கோ ஆழம் தெரிவதற்கே காலை விட வேண்டும். அன்று கணுக்கால் முழுசாக உள்ளே போனது. எங்களுடையது டயர் வண்டி. புதைந்தால், இழுத்து வெளியே எடுப்பதற்குள் மிச்சப் பயிரும் நசுங்கிவிடும்.

வயல்காரம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "எப்படியாவது எறங்குங்கண்ணே. வானம் மறுபடி இருட்டுது. கெடக்குற நெல்லு முளைச்சிடும்."

பாவமாக இருந்தது. "தண்ணிய வடிய வுடுங்கம்மா. வெயில் காயட்டும்" என்று சொல்லிவிட்டு முதலாளிக்குப் போன் செய்தேன்.

"ஒன்ன வண்டி ஓட்ட வச்சிருக்கேனா, ஜோசியம் பாக்க வச்சிருக்கேனா? எறங்குய்யா!"

"பொதைஞ்சிடும் மொதலாளி."

"அத நான் பாத்துக்குறேன். முடியாட்டி சாவிய குடுத்துட்டுப் போ. ஓட்ட ஆளா இல்ல?"

அவர் இப்படிப் பேசுவது புதிதல்ல. மணிக்கணக்கில் வாடகை வருகிற தொழில், வண்டி நின்றால் அவருக்கு வயிறு எரியும். உடம்பெல்லாம் அரிக்கும் நெல் சுணையைப் பொறுத்திருந்தேன், முதுகுவலியைப் பொறுத்திருந்தேன். அந்த வாயைத்தான் பொறுக்க முடியவில்லை. சாவியை வயல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

நடந்ததை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வேறு டிரைவர் வந்து அதே வண்டியை இறக்கினான். புதையவில்லை. திக்கித் திணறி முக்கால்வாசி அறுத்துக் கரையேற்றிவிட்டான். முதலாளி அதை டீக்கடை டீக்கடையாகச் சொன்னார். பயந்தாங்கொள்ளி என்று பெயர் விழுந்தது. அந்த சீசனில் எனக்கு யாரும் வண்டி தரவில்லை.

2. ஃபேன் காற்று

தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. நாற்காலி உண்டு, தலைக்கு மேலே ஃபேன் உண்டு, மாதம் பிறந்தால் சம்பளம் உண்டு. மேனேஜர் தங்கமான மனுஷன். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

ஆனால் வேலை என்று அங்கே எனக்கு என்ன இருந்தது? கதவைத் திறப்பேன், மூடுவேன், வணக்கம் வைப்பேன். கை மரத்துப்போன மாதிரி இருக்கும். அறுப்புக் காலத்தில் மெஷினை ஏற்றிக்கொண்டு லாரி போனால் என்னையறியாமல் எழுந்து நின்றுவிடுவேன். "யாருக்கு சார் இவ்ளோ மரியாத?" என்று மேனேஜர் ஒருநாள் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்குப் போனால் சோறு இறங்கவில்லை.

பிடித்த வேலை இருந்தபோது இடம் சரியில்லை. இடம் சரியாக அமைந்தபோது வேலை பிடிக்கவில்லை. எனக்கு விதித்தது இவ்வளவுதான் என்று அலுத்துப்போனேன்.

3. பாய் வண்டி

நாகூர்க்கார பாய் ஒருவர் சவூதியிலிருந்து திரும்பி ஒரு செயின் வண்டி வாங்கியிருந்தார். டயருக்குப் பதில் அகலமான பட்டை ஓடும், சேற்றில் டயரைவிட நன்றாகத் தாங்குகிற வண்டி. டிரைவர் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

"முன்ன இருந்த எடத்த ஏன் விட்டீங்க?" என்று கேட்டார்.

வண்டி புதையாமல் போனதையும் சேர்த்தே சொன்னேன். கேட்டுக்கொண்டார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. வேலைக்கு வரச் சொன்னார்.

சேர்ந்த கொஞ்ச நாளில் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு பள்ளமான வயல். குதிகாலை ஊன்றினேன். கெண்டைக்கால் வரை போய்விட்டது. செயின் வண்டியும் தாங்காது. தயங்கித் தயங்கித்தான் சொன்னேன்.

வயல்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "செயின் வண்டியே எறங்காதுன்னா அப்பறம் எதுக்குய்யா கொண்டாந்தீங்க?" அவரே பாய்க்குப் போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்து, மூச்சு விடாமல் கத்தினார். மறுபடி ஃபேன் காற்றுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "டிரைவரண்ணே, கால வச்சுப் பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தேன் பாய். தாங்காது."

"அப்ப வேணாம். கரையிலயே நிறுத்துங்க. சாப்ட்டீங்களா?"

பிறகு வயல்காரரிடம், "தண்ணி வடியட்டுங்க. அடுத்து மொதல்ல ஒங்களுக்குத்தான் வருவோம். ஆனா அவர் எறங்கலாம்னு சொன்னாத்தான் வண்டி எறங்கும்" என்றார்.

நான் மெஷினுக்குப் பின்னால் போய், சேறு காயாத காலோடு நின்று அழுதேன். இத்தனை வருடத்தில் என் சொல்லை ஒரு முதலாளி நம்பியது அதுதான் முதல் தடவை. தண்ணீர் வடிந்ததும் சொன்னபடி போய் அறுத்துக் கொடுத்தோம். கொஞ்சம் நெல் கொட்டித்தான் போயிருந்தது. வயல்காரர் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை.

இந்த வேலைக்கு வரலாமா என்று இப்போதும் பையன்கள் கேட்கிறார்கள். முதுகு போகும், இருமல் தங்கிவிடும். அதற்கு மேலும் மெஷின் பிடித்திருந்தால் வாருங்கள். சேரும்போது சம்பளம் கேட்பீர்கள், பேட்டா கேட்பீர்கள். கேளுங்கள். கூடவே, "நான் எறங்க மாட்டேன்னு சொன்னா என்ன செய்வீங்க?" என்றும் கேட்டுவிடுங்கள். அதைக் கேட்க வேண்டும் என்று தெரிவதற்குள் எனக்குப் பாதி ஆயுள் போய்விட்டது.