சாக்பீஸ் தேதி

முன்னறையிலிருந்து வெடித்துக் கிளம்பிய சிரிப்புச் சத்தம், உள்ளறையில் கணினியின் முன் உட்கார்ந்திருந்த தேதியக்காவைத் திடுக்கிட்டு நிமிர வைத்தது.

ஒருவர் சிரித்திருந்தால் பரவாயில்லை. சிரித்தது இரண்டு பேர். ஒன்று டெய்லரின் சிரிப்பு. தையல் மெஷின் மாதிரி விட்டுவிட்டு ஓடும். மற்றது பேக்கரிக்காரருடையது. நான்கு வருடமாக இந்த வீட்டுக்கு வந்துபோகிறவர், ஒரு புன்னகையைக்கூடச் செலவழித்ததில்லை. இந்த இரண்டு பேரும் சந்தித்துக்கொள்ளவே கூடாது என்று அவள் எத்தனை பாடுபட்டிருக்கிறாள்!

"உங்களுக்குப் பத்தாம் தேதியா? எனக்கு எட்டுன்னாங்களே!" என்றது டெய்லரின் குரல்.

"எட்டும் இல்ல, பத்தும் இல்லய்யா. என் மச்சான் வரி ஆபீசுக்கு எதிர்ல டீக்கடை வச்சிருக்கான். அவன்கிட்ட கேட்டேன். வரிக்கணக்கு குடுக்கக் கடைசித் தேதி இருபதாம்!"

"அடேயப்பா! நான் தேதி சொல்லியே பொழைக்கிறவன். என் கஸ்டமருக்குப் பில்லுல வெள்ளிக்கிழமைன்னு எழுதுவேன். அது அவருக்கு. துணியை உள்பக்கமாத் திருப்பி சாக்பீஸ்ல ஒரு தேதி எழுதுவேன் பாருங்க, அதுதான் எனக்கு. அதுதான் நிஜம். என்கிட்டயே பில்லுத் தேதியை ஓட்டிருக்காங்களே இந்தக்கா!"

மறுபடியும் சிரிப்பு. தேதியக்கா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

அவள் பொய் சொல்லப் பிறந்தவள் அல்ல. பதினோரு வருடம் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு, வீட்டின் உள்ளறையில் ஒரு மேசையைப் போட்டு, சின்னக் கடைக்காரர்களுக்கு மாதாமாதம் வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தவள். முதல் மாதம் எல்லோரிடமும் உண்மையைத்தான் சொன்னாள். இருபது என்றாள். இருபதாம் தேதி பிற்பகல் பதினான்கு பேரும் பையும் கையுமாக ஒரே நேரத்தில் வாசலில் நின்றார்கள். வரி ஆபீசின் இணையதளமோ கல்யாண வீட்டுப் பந்திபோல் நெரிந்துகொண்டிருந்தது. மூன்று பேருக்கு அபராதம். அன்றைக்கு அவள் அழுத அழுகையில் கீபோர்டே நனைந்தது.

பஸ் டிரைவரான கணவர்தான் கண்ணீரைத் துடைத்துவிட்டு வழி சொன்னார். "ஆறு மணி பஸ்னு சொன்னா ஜனங்க ஆறு அஞ்சுக்குத்தான் ஓடி வருவாங்க. அஞ்சே முக்கால்னு சொல்லிப் பாரு, எல்லாருக்கும் சீட்டு கிடைக்கும்."

அன்றிலிருந்து ஆளுக்கொரு தேதி. அவரவர் சோம்பலை அளந்து வைத்த தேதி. பேக்கரிக்குப் பத்து, அச்சகத்துக்குப் பதின்மூன்று, சோம்பலில் சக்கரவர்த்தியான டெய்லருக்கு எட்டு. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிய காலண்டரில் சிவப்புப் புள்ளி பொய், பச்சைப் புள்ளி நிஜம். அந்தக் கதவை அவள் யார் முன்னாலும் திறந்ததில்லை. தேதியக்கா என்ற பெயரும் அப்படித்தான் வந்தது. அவளைவிட ஏழு வயது மூத்த டெய்லரே "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

அவள் முன்னறைக்கு வந்தாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப்போல் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. டெய்லரண்ணே, இதுவரைக்கும் ஒரு நாள் தாமதமா போட்டிருப்போமா?"

"இல்லக்கா."

"ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் ஆர்டருக்கு இந்த வரி வருஷத்துப் பன்னிரண்டு மாசமும் விடாம நேரத்துக்குப் போட்ட சான்றிதழ் கேட்டிருக்காங்க. இது பதினொண்ணு. இன்னும் ஒண்ணே ஒண்ணு. அதைக் கெடுத்துக்காதீங்க."

டெய்லரின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. ரெடிமேட் கடைகள் வந்தபிறகு அவர் கடையில் ஈ ஓட்டக்கூட ஈ இல்லை. அந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் கடையை மூடிவிட்டு ரெடிமேட் கம்பெனிக்குப் போகவேண்டியதுதான். "அங்க காலர் மட்டும் தைக்கணுமாம்க்கா. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் காலர். ஒரு முழுச் சட்டையே கண்ணுல படாதாம்" என்று முன்பொருநாள் சொன்னபோது அவர் குரல் உடைந்தது அவளுக்கு இன்னும் காதில் இருந்தது.

"கெடுத்துக்கமாட்டேன்க்கா. ஆனா இனிமே இருபதுதான்!" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விதி சும்மா இருக்குமா? அடுத்த மாதம் பிறந்ததும் வரி ஆபீசிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. இணையதளத்தைப் புதுப்பிக்கப் போவதால், இந்த ஒரு மாதம் மட்டும் கடைசித் தேதி இருபது அல்ல, பதினான்கு.

தேதியக்கா அதை மூன்று முறை படித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

"டெய்லரண்ணே, இந்த மாசம் நிஜமாவே பதினாலு."

மறுமுனையில் மெஷின் ஓடுவதுபோல் சிரிப்பு. "நிஜமாவேயா! அந்த வார்த்தையை நான் கஸ்டமர்கிட்ட தினம் பத்து வாட்டி சொல்றேன்க்கா."

"என் கண்ணு மேல சத்தியமா!"

"அதையும் சொல்லுவேன்."

"அறிவிப்பைப் போட்டோ எடுத்து அனுப்பிருக்கேன், பாருங்க!"

"போட்டோவா? போன வாரம் என் மச்சினன் என் வழுக்கைத் தலையில சுருட்டை முடி வச்சே போட்டோ பண்ணிக் குடுத்தான். இருபதுக்கு டாண்ணு வந்துடறேன், வச்சுடட்டா?"

மற்றவர்களையும் இப்படித்தான் கெஞ்சினாள். பேக்கரிக்காரர் பன்னிரண்டாம் தேதி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "வீட்டுக்காரி விரட்டிட்டா. அந்தக்கா பொய் சொன்னாலும் நம்ம நல்லதுக்குத்தான் சொல்லும்னா." அச்சகத்துக்காரர் வந்தார். ஒவ்வொருவராகப் பதின்மூன்று பேர் வந்துவிட்டார்கள்.

டெய்லர் மட்டும் வரவில்லை. பதின்மூன்றாம் தேதி மதியம் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான்கு வருடம் நான் சொன்ன பொய்தானே இன்று அந்த மனிதனின் பிழைப்பில் மண்ணைப் போடுகிறது! கையைக் கழுவிவிட்டுக் கிளம்பினாள்.

டெய்லர் கடை ஓர் ஆள் அகலம். கழுத்தில் டேப்போடு டெய்லர், ஒரு பள்ளிக்கூட ஆசிரியரிடம் பேசிக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமை நிச்சயம் சார். காஜா எடுக்கிறதுதான் பாக்கி." ஆசிரியர் படியிறங்கியதும், இன்னும் வெட்டவே வெட்டாத அந்தத் துணியை உள்பக்கமாகத் திருப்பி, சாக்பீஸால் 26 என்று எழுதினார்.

தேதியக்கா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த மனிதரிடம் வாய் வார்த்தைக்கு மதிப்பில்லை. மூலையில் கிடந்த துணிக் குவியலின் அடியிலிருந்து காக்கிப் பேண்ட் ஒன்றை உருவினாள். இடுப்பைப் பிரித்துத் தரச் சொல்லி அவள் கணவர் மூன்று மாதத்துக்கு முன் கொடுத்த டிரைவர் யூனிஃபார்ம். உள்பக்கம் திருப்பினால் நான்கு தேதிகள் எழுதி எழுதி அடிக்கப்பட்டிருந்தன.

"அக்கா, அது வந்து... நூல் கலர் கிடைக்கல..."

அவள் மேசையிலிருந்த சாக்பீஸை எடுத்து, அந்த நான்கு தேதிகளுக்குக் கீழே பெரிதாக எழுதினாள்: 14.

டெய்லர் அந்த எண்ணைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் எண்ணைப் பார்த்தார்.

"சாக்பீஸ்லயா எழுதிட்டீங்க?"

"சாக்பீஸ்லதான் அண்ணே."

"ஐயையோ... அப்ப நாளைக்கா!"

அடுத்த நொடி கடை அல்லோலகல்லோலப்பட்டது. அளவு நோட்டின் பக்கங்களிலிருந்து பில்கள் உதிர்ந்தன. பொத்தான் டப்பாவிலிருந்து ஏழு கிடைத்தன. துணி வாங்கிய பெரிய பில் மட்டும் காணோம். தேடித் தேடிக் களைத்துப்போய் அவர் சுவரைப் பார்த்தபோது, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைப் பாக்கெட்டுக்கு அளவு அட்டையாக அழகாக வெட்டப்பட்டு!

"தடிமனான பேப்பரா இருந்துச்சுக்கா..." என்றார் பரிதாபமாக.

"மிச்சத் துண்டு எங்கே?"

"அது... காலர் அளவு."

மறுநாள் காலை பத்து மணிக்கு, பாக்கெட்டும் காலரும் டேப் ஒட்டி ஒன்றாகி ஸ்கேனருக்குள் போயின. அன்றைக்கு விடுமுறையில் இருந்த கணவர் மூன்று பேருக்கும் டீ போட்டுவந்தார். திரையில் சின்னச் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. டெய்லர் கண்களை மூடி உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்தார்.

"சாமி கும்பிடறீங்களா?" என்றார் கணவர்.

"இல்லண்ணே. இனிமே கஸ்டமர்கிட்ட பொய் சொல்லமாட்டேன்னு வேண்டிக்கிறேன்."

"ஐயோ, தாங்காத வேண்டுதல் எல்லாம் வேண்டாதீங்க!"

சக்கரம் நின்றது. பச்சை எழுத்தில் வந்தது: ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிரிண்டர் மெல்ல முனகி ஒரு தாளைத் துப்பியது. பன்னிரண்டு மாதங்கள், பன்னிரண்டும் நேரத்துக்கு. டெய்லர் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கினார். மடித்தால் சுருங்கிவிடுமோ என்பதுபோல் மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் கண்ணில் துளிர்த்ததைப் பார்த்ததும், இந்தப் பக்கம் தேதியக்காவின் கண்ணும் நிரம்பிவிட்டது.

"காலர் இல்லக்கா" என்றார் தழுதழுத்த குரலில். "முழுச் சட்டை. எல்லாம் முழுச் சட்டை."

வாசல்வரை போனவர் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். "அடுத்த மாசம் எந்தத் தேதிக்கா?"

தேதியக்கா கொஞ்சமும் கண் சிமிட்டவில்லை. "எட்டு."

அவர் தலையைச் சொறிந்தார். "சரிக்கா. எட்டுன்னா எட்டு."

"அது இருக்கட்டும்" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார் கணவர். "என் பேண்ட் எப்ப வரும்? மூணு மாசமா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு பஸ் ஓட்டறேன்."

"வியாழக்கிழமை நிச்சயம் அண்ணே!"

"அது பில்லுத் தேதி" என்றாள் தேதியக்கா. "சாக்பீஸ் தேதியைச் சொல்லுங்க."

டெய்லர் படியில் நின்று விரல்விட்டு எண்ணினார். பிறகு வெட்கத்தோடு சிரித்தார்.

"அதுவும் எட்டுதான்க்கா. பில்லுங்களோட சேர்த்தே கொண்டுவந்துடறேன்."

"நிஜமாவா?"

"என் கண்ணு மேல சத்தியமா!" என்றபடி அவர் தெருவில் இறங்கி நடந்தார். தேதியக்கா சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.