பத்தியக் கஞ்சியும் மேஸ்திரியின் குதிகாலும்

மலைமேல் அணைக்கட்டு வேலை நடந்த காலத்தில், அடிவாரத்து லோயர் கேம்ப் டிஸ்பென்சரியில் நான் டிரஸ்ஸராக இருந்தேன். புண்ணைக் கழுவிக் கட்டுப் போடுவது, மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மருந்து கலக்கிக் கொடுப்பது, கசக்கிறது என்று முகம் சுளிப்பவர்களை அதட்டிக் குடிக்க வைப்பது, இவைதான் என் வேலை. அதட்டுவதில் மட்டும் என்னை யாரும் குறை சொன்னதில்லை. புதிதாக டிரஸ்ஸர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இந்தக் கேஸை எழுதி வைக்கிறேன்.

1. லினிமெண்ட்டுக்கு அடங்காத கால்

காய்ச்சல் பருவத்தில் மலைமேல் வேலையை நிறுத்திவிடுவார்கள். அது முடிந்து வேலை மறுபடி தொடங்கவிருந்த சமயம். கல் உடைக்கும் ஆட்களுக்கு மேஸ்திரியான சவரிமுத்து டிஸ்பென்சரிக்கு வந்தார். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. காய்ச்சல் அவரைப் பாதி ஆளாக்கியிருந்தது. மனைவி ஆரோக்கியம் தோள் கொடுத்து நடத்தி வந்தாள்.

"காச்சல் விட்டுருச்சுய்யா. காலைத்தான் தரையில வைக்க முடியல. குதிகால்ல ஆணி அடிச்சாப்புல இருக்கு" என்றார் மேஸ்திரி.

ஆரோக்கியம் மீதியைச் சொன்னாள். "மொத நாளு ஆளுகளோட மலையேறி வந்தாத்தான் மேஸ்திரி வேலைன்னு காண்ட்ராக்டர் சொல்லிப்புட்டாக. இல்லன்னா வேற ஆளு போட்டுருவாகளாம். வேலை போனா இங்கன குடிசையும் போயிரும். எப்படியாச்சும் நடக்க வச்சிருங்கய்யா."

டாக்டர் லினிமெண்ட் தைலம் எழுதினார். நான் தினமும் தேய்த்தேன். வலி குறையவில்லை, கூடியது. வீக்கமும் இல்லை, புண்ணும் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. கண்ணுக்குத் தெரியாத நோய் என்றாலே எனக்கு ஆகாது.

ஊரில் யாரோ அதை வாதம் என்று சொல்லியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்குப் பட்டினி, வாதத்துக்குப் பத்தியம். ஆகவே காய்ச்சலில் தொடங்கிய பட்டினி, காய்ச்சல் விட்ட பிறகும் பத்தியமாக நீடித்தது. கறி இல்லை, தயிர் இல்லை, கட்டிச் சோறு இல்லை. வலி கூடக் கூட, கஞ்சியில் தண்ணீரும் கூடியது. இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

2. சரளைக் கல்

ஒரு நாள் காலை, மேஸ்திரியைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ஆரோக்கியத்திடம் வாசலில் இருக்கும் தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்து வரச் சொன்னேன். வாசல் முழுக்கச் சரளைக் கல். அவள் நேராகப் போகாமல், ஓரத்துப் புல் மேலாகச் சுற்றிக்கொண்டு போனாள். அந்தப் புல்லிலும் பாதத்தின் விளிம்பை ஊன்றி ஊன்றி நடந்தாள். அது மேஸ்திரியின் நடை.

"ஏன் ஆத்தா, ஒனக்கும் கால் வலிக்குதா?" என்று கேட்டேன்.

"எனக்கென்னய்யா, நான் நல்லாத்தான இருக்கேன்."

நான் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் அவளை உட்காரச் சொல்லி, குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

"ஒனக்குக் காய்ச்சல் வந்துச்சா?"

"இல்லய்யா."

"வாதம்?"

"இல்லய்யா."

"அப்ப என்னதான் சாப்புடுறே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அவுக பத்தியம் கெடக்கையில நான் மட்டும் எப்பிடிய்யா சோறு திங்கிறது? அவுக தன் காலால நடக்குற வரைக்கும் எனக்கும் கஞ்சித் தண்ணிதான்னு மாதாவுக்கு நேந்துக்கிட்டேன்."

டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அடப் பாவிகளா! இது வாதமில்ல. குதிகாலுக்கு அடியில மெத்தை மாதிரி சதை இருக்கும். ஒடம்பு மளமளன்னு எளைச்சா அதுவும் கரைஞ்சுரும். அப்புறம் எலும்புதான் தரையில இடிக்கும். ரெண்டு பேரும் வயிறாரச் சாப்புடுங்க. மருந்து அதுதான்."

மேஸ்திரி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கஞ்சி குடிப்பது அவருக்குத் தெரியாது. "நான் சாப்புட்டாச்சு" என்று தினமும் அவரிடம் சொல்லியிருக்கிறாள்.

"இனிமே சோறு தின்னு" என்றார்.

"நேர்ச்சைய முறிக்க மாட்டேன். நீங்க சாப்புட்டுத் தேறுங்க. நீங்க நடந்த பெறகு நான் தின்னுக்குறேன்."

டாக்டர் சொன்னார், நான் அதட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. என் அதட்டல் தோற்றது அன்றைக்குத்தான்.

மேஸ்திரி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் தாங்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். சரளைக் கல்லில் இறங்கினார். புல் பக்கம் ஒதுங்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் முகம் கோணியது. வேலிப்படல் வரை போய், தொட்டுவிட்டு, அதே கல்லில் திரும்பி வந்தார். வேர்த்து நனைந்திருந்தார்.

"நடந்துட்டேன்லே? மாதாவும் பாத்துட்டாக. போயி ஒல வையி" என்றார்.

ஆரோக்கியம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு குடிசைக்குப் போனார்கள்.

வேலை தொடங்கிய நாளில் மேஸ்திரி மலையேறினார். கால் முழுதாகத் தேறவில்லை. செருப்புக்குள் சாக்குத் துணியை மடித்து வைத்துக் கொடுத்தேன். கடைசி ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தார், ஆனாலும் சேர்ந்தார். வேலை நிலைத்தது.

தம்பிமார்களே, நோயாளியை மட்டும் பார்க்காதீர்கள். அவரைத் தாங்கிக்கொண்டு ஒருத்தர் வந்திருப்பார். அவருக்கும் ஒரு பெஞ்சு போட்டு, சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். ஆமாம் என்று சொன்னாலும் காலைப் பாருங்கள்.