மரோவின் முடி

மானி மலையில் அதிதூதர் மிக்கேல் கோயிலுக்குக் கரிஃபாலியா சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கியது, மகன் ஸ்ட்ராதிஸ் கப்பல் வேலைக்குப் போன வருஷம். ஈஸ்டருக்கு ஈஸ்டர் அவள் வெள்ளையடித்து வைப்பாள், பிள்ளையை மிக்கேல் முழுசாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்பது பேச்சு. இருபத்துமூன்று வருஷமாக இரண்டு பேரும் பேச்சு மாறவில்லை.

கையில் கிடைத்ததை வைத்துக் கட்டிய கோயில் அது. வாசலுக்கு மேலே யாருடைய கல்லறையிலிருந்தோ பெயர்த்த பளிங்குக் கல், எழுத்தெல்லாம் தலைகீழாக. உள்ளே குவிமாடத்தைத் தாங்கும் தூண் நாலும் நாலு உயரம். குட்டைத் தூணுக்கு அடியில் செக்குக் கல். எழுநூறு வருஷமாக விழாமல் நிற்கிறது.

இந்தத் தவக்காலத்தில் தொல்பொருள் அதிகாரி ஒருவர் பூதக்கண்ணாடியோடு வந்தார். சுவரில் பெயர்ந்திருந்த பத்தையைப் பார்த்தார்.

"முந்நூறு வருஷத்துச் சுண்ணாம்பும்மா. முடி கலந்து அடிச்சிருக்காங்க. இனிமே இதுமேல கை வைக்கக் கூடாது."

"அது போன வருஷம் நான் அடிச்சது சார். முடி எங்க மரோவோடது. வெள்ளை ஆடு. சுண்ணாம்பு வாளியிலதான் வந்து முதுகைத் தேய்ச்சுக்கும்."

"அறிக்கை எழுதியாச்சே."

ஸ்ட்ராதிஸ் அப்போது நடுக்கடலில் இருந்தான். கரிஃபாலியா பாதிரியாரிடம் ஓடினாள். அவர் மனு எழுதிப் போட்டார். புனித வாரத்தின் செவ்வாய்க்கிழமை மூன்று முத்திரையோடு அனுமதி வந்தது: பழைய முறைப்படி வெள்ளை முடி கலந்தால் மட்டும் அடிக்கலாம். வியாழக்கிழமை அதிகாரி வந்து பார்ப்பார்.

ஊரில் மிச்சமிருந்த ஆடெல்லாம் கறுப்பு. மரோவை நவம்பர் திருவிழாவுக்கு அண்டாவில் போட்டாகிவிட்டது.

"முடியை எடுத்து வைக்கக் கூடாதா?" என்றார் பாதிரியார்.

"தோலோட போச்சு சாமி. விலா எலும்பு உங்களுக்குத்தான் வந்தது. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினீங்க."

பாதிரியாரின் கை தன்னையறியாமல் தாடிக்குப் போனது. நெஞ்சுவரை தொங்கும் தாடி, தும்பைப்பூ வெள்ளை. கையைச் சட்டென்று இறக்கினார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"முப்பது வருஷமா கத்தி படலை கரிஃபாலியா."

"நானா கேக்கறேன்? மிக்கேல் கேக்கறாரு."

ஆட்டுமுடி வெட்டும் கத்தரியால் ஒரு சாண் எடுத்தாள். கொஞ்சம் கோணலாகிவிட்டது.

வியாழக்கிழமை அதிகாரி ஈரச் சுவரை முகர்ந்து பார்த்தார். "அசல் முறை. சாம்பிராணி வாசனைகூட வருது. இதை நாங்க இதுவரைக்கும் கவனிக்கலை," என்று குறித்துக்கொண்டார்.

ஈஸ்டர் அன்று மதியம் பிரேசில் துறைமுகத்திலிருந்து போன் வந்தது.

"அம்மா, அடிச்சாச்சா?"

"ஆச்சுடா. நல்லாயிருக்கியா? சரி, வரும்போது வெள்ளை ஆடு வாங்கக் காசு கொண்டுவா. நம்ம பாதிரியார் சாமி மூணு தடவை சொல்லிவிட்டுட்டாரு."