கட் சொன்ன பிறகு

அப்பாவின் தொண்டையில் கட்டி, குரல்பெட்டியையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான் நான் சினிமா படிக்க உட்கார்ந்தேன். படிப்பு என்றால் போனில்தான். ஆபரேஷனுக்குள் அவர் பேச்சைப் பிடித்துவிட வேண்டும் என்ற வெறியில் லைட்டிங், ஃப்ரேமிங், ஒலிப்பதிவு என்று வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். வேறு என்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா கீழ்பென்னாத்தூர் மினி பஸ்ஸில் கண்டக்டர். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தில் வண்டி பிதுங்கும்போதுகூட, "இன்னாமா, படியிலயே குடித்தனமா? உள்ள போம்மா, எடம் ஜாஸ்தியா கீது" என்று எல்லாரையும் வம்புக்கு இழுப்பார். எனக்கு வேண்டியது அந்தப் பேச்சு.

ஜன்னலோரம் நாற்காலி போட்டு, ஸ்டாண்டில் போனை மாட்டி, பாடத்தில் சொன்னபடி ஃபேனை நிறுத்திவிட்டு "ஆக்‌ஷன்" என்றேன். மனிதர் சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நான் பேருந்து நடத்துநராகப் பணியாற்றி வருகிறேன்."

"அப்பா, வீட்ல பேசற மாதிரி பேசுப்பா."

"கேமராவுல போயி அப்டிலாம் பேசுவாங்களா? நாலு பேர் பாக்க மாட்டாங்க?"

கட் சொன்னால் பழைய ஆள். பொத்தானை அழுத்தினால் பணிவான வணக்கம். ஒளித்து எடுக்கலாம் என்று போனை அலமாரியில் சாய்த்து வைத்தால், "ரெக்கார்டு ஆவுதா?" என்று கண்டுபிடித்துச் சட்டையைத் தேடுவார். ஆத்திரத்தில் கத்தினேன், அழுதேன். ஒன்றும் நடக்கவில்லை. ஃபோகஸ் மட்டும் பிரமாதமாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அப்பா, தண்ணீர் வேண்டுமென்றாலும் கையால்தான் கேட்டார். ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வீடியோவப் போடு."

போட்டேன். வணக்கம், பணியாற்றி வருகிறேன், நன்றி.

"இது யாரு? இவரு கூடவா நான் குடும்பம் பண்ணேன்?" என்று சிரித்தாள். அடுத்ததைப் போட்டேன். அதுவும் அப்படித்தான். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை.

ஒரு வீடியோவின் கடைசியில், நான் கட் சொல்லி விரல் பொத்தானுக்குப் போவதற்குள், அப்பா தோளைத் தளர்த்திக்கொண்டு "முடிஞ்சி..." என்று ஆரம்பித்திருந்தார். அதோடு பதிவு நின்றுவிட்டது. கட் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் கேமராவை ஓடவிட வேண்டும் என்ற பாடத்தை நான் போன வாரம்தான் பார்த்தேன்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதான் அவரு. மீதியையும் போடு."

மீதி இல்லை. அந்தக் கடைசி நொடியையே திரும்பப் போட்டேன்.